மலோயா இன்னும் மறைவில் வாழும் இசைதானா? ஓராண்டு கேட்டதும் எழுதியதும்

வாசகர் கேள்வி
21 டிசம்பர் 2024, இரவு 9.40

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உட்பட்ட ரீயூனியன் தீவின் அண்டர்கிரவுண்ட் இசை என்று ஓராண்டாக மலோயாவைப் பற்றி எழுதிவருகிறீர்கள். 2009இலேயே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றுவிட்ட இசை அது. அரசு விழாவில் மேடை, பள்ளியில் பாடம், சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டலில் நிகழ்ச்சி என்று எல்லாம் கிடைத்த பிறகு அதில் என்ன அண்டர்கிரவுண்ட் மிச்சம் இருக்கிறது? இன்னொன்று, அது அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் இசை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களுக்கு அதில் என்ன பங்கு? ஆண்டு முடிகிற வேளையிலாவது தெளிவாகச் சொல்லுங்கள்.

22 டிசம்பர் 2024, காலை 6.15

நேற்று முன்தினம் இங்கே பொது விடுமுறை. 1848 டிசம்பர் 20 அன்று இத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதன் நினைவு நாள். கடற்கரை நகரங்களிலும் மலையோரச் சிற்றூர்களிலும் மேடை போட்டு நள்ளிரவு தாண்டியும் மலோயா பாடினார்கள். நகராட்சியின் சுவரொட்டிகள் இன்னும் கிழியாமல் இருக்கின்றன. அதை மட்டும் பார்ப்பவர் உங்களைப் போலத்தான் கேட்பார்.

இந்த ஆண்டு நான் எழுதியவை பெரும்பாலும் அந்த மேடைகளைப் பற்றியவை அல்ல. சேன் ஆந்த்ரேயில் என் வீட்டுக்கு அடுத்த தெருவில், தகரக் கூரை போட்ட ஒரு கொல்லைப்புறத்தில், ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை தன் முன்னோர்களை அழைத்துப் பாடுகிறது. அதைச் செர்விஸ் கபாரே என்பார்கள். மாலையில் சமையல் தொடங்கும், இருட்டிய பின் படையல், அதன் பிறகு விடியும்வரை பாட்டு. மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்த வழிபாடு அது. நுழைவுச்சீட்டு கிடையாது, அறிவிப்பு கிடையாது, கைப்பேசியை யாரும் உயர்த்திப் பிடிப்பதில்லை. வீட்டுக்காரர் வரச் சொன்னால் போகலாம். சொல்லாதவர் மதிலுக்கு வெளியே நின்று கேட்பதைக்கூட அவர்கள் விரும்புவதில்லை. யுனெஸ்கோ பட்டியலில் பெயர் ஏறியதால் இந்தக் கொல்லைப்புறத்தின் கதவு திறந்துவிடவில்லை, திறக்க வேண்டிய கட்டாயமும் அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

ஓர் இசை அண்டர்கிரவுண்டா இல்லையா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. காசு கொடுத்தால் கேட்டுவிட முடியுமா, அல்லது யாராவது நம்மை நம்பிக் கூப்பிட்டால்தான் கேட்க முடியுமா என்று பார்ப்பேன். மலோயாவுக்கு இந்த இரண்டு வாழ்க்கையும் உண்டு. நான் இரண்டாவதைத் தேடிப் போனேன்.

22 டிசம்பர், பிற்பகல் 1.30

தமிழர்க்கு இதில் என்ன பங்கு என்ற இரண்டாவது கேள்விக்குத் தனியாக எழுதுகிறேன். அவசரப்பட்டுப் பதில் சொன்னால் அது ஒன்று பெருமையடிப்பாகப் போய்விடும், இல்லாவிட்டால் கைகழுவுவதாகப் போய்விடும்.

24 டிசம்பர், இரவு 8.05

எந்த ஆண்டு, எந்தச் சட்டத்தின் கீழ் மலோயா தடை செய்யப்பட்டது என்று இன்னொரு நண்பர் கேட்டிருக்கிறார். "1981 வரை தடை செய்யப்பட்டிருந்த இசை" என்ற வாக்கியம் இசைத்தட்டுகளின் பின்னட்டையிலும் பயணக் கையேடுகளிலும் வழக்கமாக வருவது. மலோயா என்று பெயர் குறித்து, தீவு முழுவதற்கும் செல்லுபடியாகும் தடைச் சட்டம் ஒன்று இருந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஒடுக்குமுறை இருந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

பின்னணி இதுதான். 1946இல் ரீயூனியன் குடியேற்ற நாடு என்ற நிலையிலிருந்து பிரான்சின் ஒரு மாவட்டமாக ஆனது. 1959இல் போல் வெர்ழேஸ் தலைமையில் ரீயூனியன் கம்யூனிஸ்ட் கட்சி தோன்றித் தன்னாட்சி கேட்டது. பிரான்சின் பிரதமராக இருந்த மிஷேல் தெப்ரே 1963இல் இத்தீவின் நாடாளுமன்ற உறுப்பினராகி, தன்னாட்சிக் குரல் எங்கே எழுந்தாலும் அதைப் பிரிவினையாகவே பார்த்தார். பொது அமைதிக்குக் குந்தகமாக நடக்கிறார் என்று கருதப்படும் அரசு ஊழியரைப் பிரான்சுக்கு மாற்றிவிட வழிசெய்த ஆணை 1960 அக்டோபரில் வந்தது. 1972 வரை அது நடைமுறையில் இருந்தது. தீவு மக்கள் பேசும் கிரியோல் மொழிக்குப் பள்ளியில் இடமில்லை. அரசு வானொலியில் தீவின் இன்னொரு இசையான சேகா ஒலிக்கும், மலோயா ஒலிக்காது. தேவாலயத்தாருக்கோ அந்த இரவு வழிபாடு சூனியமாகத் தெரிந்தது. இத்தனைக்கும் நடுவில் கம்யூனிஸ்ட் கட்சி தன் கூட்டங்களில் மலோயாவைப் பாடவைத்தது, அதனால் கயாம்ப் என்ற, விதை போட்டு ஆட்டும் மலோயாத் தாளக்கருவியை வைத்திருப்பவரே கட்சிக்காரர் என்று பார்க்கப்படும் நிலை வந்தது. காவலர்கள் இரவில் வந்து கூட்டத்தைக் கலைத்ததையும் தோல்கருவிகளைப் பிடுங்கிக்கொண்டு போனதையும் இங்குள்ள முதியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். எழுதப்பட்ட தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் பாட வேண்டியிருந்தது.

1981இல் பிரான்சில் மித்தரோன் அதிபரான பிறகு தனியார் வானொலிகளுக்கு வழி பிறந்தது. கிரியோல் பேச்சு காற்றலையில் ஏறியதும் மலோயாவும் பின்தொடர்ந்து ஏறியது. 1981 என்ற ஆண்டை எல்லாரும் குறிப்பிடுவதன் காரணம் அதுவே.

28 டிசம்பர், காலை 7.20

மேலே எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். 1976இல் கம்யூனிஸ்ட் கட்சி மலோயா இசைத்தட்டுகளை வெளியிட்டது. சேன் பியேர் பக்கம் லீஞ் பராதியில் கரும்பு வெட்டிய ஃபிர்மேன் விரியின் குரல் அப்படித்தான் தட்டில் பதிந்தது. அந்தப் பதிவை இந்த ஆண்டு மீண்டும் மீண்டும் கேட்டேன். மேடை மலோயாவில் பழகிய காதுக்கு அது முதலில் வறட்சியாகத் தோன்றும். கிதார் இல்லை, பித்தளைக் குழல்கள் இல்லை. ஒருவர் ஓரடியை எடுக்கிறார், கூட்டம் அதே அடியைத் திருப்புகிறது, தோலும் விதையும் கீழே ஓடிக்கொண்டிருக்கின்றன. சில நாள் கழித்துக் கேட்டபோதுதான் எடுப்பவரின் குரல் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை முன்னால் வருவதையும், கூட்டம் அவரை அவசரப்படுத்தாமல் தன் இடத்திலேயே நிற்பதையும் கவனித்தேன். நடவுப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த உறவு உடனே பிடிபடும்.

30 டிசம்பர், இரவு 10.10

இப்போது இரண்டாவது கேள்வி.

நம்மவர்கள் ரீயூனியனுக்குப் பெருமளவில் வந்தது 1848க்குப் பிறகு. புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும், பிரான்சும் பிரிட்டனும் 1860இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் கூலிகள் கொண்டுவரப்பட்டார்கள். 1882இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. அவர்களைக் குடிவைத்த இடம் தோட்டங்களில் இருந்த கல்பனோன் என்ற நீண்ட குடியிருப்பு வரிசைகள். விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளும் கப்பலிலிருந்து இறங்கியவர்களின் பிள்ளைகளும் ஒரே வேலியின் இரு பக்கங்களில் வளர்ந்தார்கள், ஒரே ஆலைச் சங்குக்கு எழுந்தார்கள், பிறகு ஒருவரையொருவர் மணந்தும் கொண்டார்கள்.

ஆகவே பங்கு என்ன என்று கேட்டால், மலோயாவை நாம் உண்டாக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதன் வேர் மலகாசி (மடகாஸ்கர்), ஆப்பிரிக்க வேர். நம் முன்னோர்கள் வந்தபோது அந்தப் பாட்டு ஏற்கெனவே இங்கே இருந்தது. ஆனால் அது வளர்ந்த முற்றத்தில் நாமும் இருந்தோம். சேன் பெனுவாவில் பிறந்த கிராமூன் லேலேயை எடுத்துக்கொள்ளுங்கள். மலகாசி வழியும் மல்பார் வழியும் (தமிழ் வழியினரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) கலந்த குடும்பம். கரும்பாலைத் தொழிலாளி. ஆண்டுதோறும் வீட்டில் முன்னோர் வழிபாடு நடத்தியவர், பிள்ளைகளையே தன் குழுவாக வைத்துக்கொண்டவர். 60 வயதைத் தாண்டிய பிறகுதான் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது, 2004இல் காலமானார். அதே காலத்தில் இன்னொரு பக்கம் ழில்பேர் பூனியா 1979இல் தொடங்கிய ஸிஸ்காக்கான் குழு சித்தாரையும் தபேலாவையும் கிரியோல் பாட்டுக்குள் கொண்டுவந்தது. பூனியாவின் மூதாதையர் தமிழர். இந்த இருவரில் எனக்கு நெருக்கமாக இருப்பவர் லேலே. ஸிஸ்காக்கானில் இந்தியக் கருவி வெளிப்படையாகக் கேட்கிறது. லேலேயிடம் இந்தியா எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, ஆனால் அந்த வீட்டின் அடுப்பங்கரையிலும் விரத நாட்களிலும் அது இருந்திருக்கிறது. கலப்பு உண்மையாகும்போது அடையாளம் மேலே மிதப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்பனோனில் நம்மவர்களுக்கும் தனியாக ஓர் இரவு இசை இருந்தது. தெருக்கூத்தின் வழியில் வந்த அதை இங்கே தமிழ் நடனம் என்ற பொருளில் பால் தமூல் என்கிறார்கள். பாரதக் கதையை விடிய விடிய ஆடுவார்கள். நடத்துபவரை இன்றும் வர்த்தியால் என்றுதான் அழைக்கிறார்கள், நம் வாத்தியார்தான். மலோயாவும் கூத்தும் ஒரே தோட்டத்தில் வெவ்வேறு சனிக்கிழமைகளில் ஒலித்திருக்கக்கூடும் என்று நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

4 ஜனவரி 2025, காலை 9.00

மதுரையிலிருந்து எழுதியிருக்கும் அண்ணன் பறையே மலோயாவின் தாய் என்கிறார். அண்ணா, உங்கள் அன்பு புரிகிறது. இந்தக் கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை. ரூலேர் என்பது பீப்பாயின் மேல் மாட்டுத்தோல் போர்த்திய கருவி. தரையில் கிடத்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அடிப்பார்கள். போப்ர் சுரைக்குடுக்கை கட்டிய வில். கயாம்பும் அப்படியே மலகாசி, ஆப்பிரிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் தப்பு இங்கே உயிரோடு இருக்கிறது, கோயிலில், தீமிதியில், காவடியில். அது தன் இடத்தில் பெருமையோடு நிற்கும்போது இன்னொருவர் வீட்டுக்கு உரிமைப் பட்டா எழுதிக் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. தங்கள் பாட்டைப் பாடியதற்காக அடிபட்டவர்களிடம் போய் அது எங்களுடையது என்று சொல்வது எனக்குக் கூசுகிறது.

9 ஜனவரி, இரவு 9.15

கயாம்பைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு. சென்ற ஜூனில் கரும்பு பூத்திருந்தபோது, எதிர்வீட்டுப் பெரியவர் (தோந்தோன் என்றுதான் எல்லாரும் அவரை அழைக்கிறோம்) ஒன்று செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெட்டுக்கு முன்னால், பூ முற்றிய தாளைத்தான் எடுக்க வேண்டும். பச்சையாக இருந்தால் காய்ந்த பின் சுருங்கி இடைவெளி விழுந்து விதை கொட்டிவிடும். தாள்களை ஒரே நீளத்துக்கு நறுக்கி, நிழலில் உலர்த்தி, மெல்லிய மரச்சட்டத்தின் மேல் நெருக்கமாக வரிசைப்படுத்திக் கட்டினார். ஒரு முகம் முடிந்ததும் உள்ளே கல்வாழை விதையைப் போட்டார். கறுத்து உருண்டு, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, கல்போல இருக்கும் விதை. போட்டார், ஆட்டிப் பார்த்தார், ஒரு பிடி வெளியே எடுத்தார், மறுபடி ஆட்டினார். விதை அதிகமானால் சத்தம் மந்தமாகிறது, குறைந்தால் சிதறுகிறது. சரியான அளவில், பெட்டியை இடமும் வலமும் சாய்க்கும்போது விதை முழுவதும் ஒரே நேரத்தில் போய் முட்டுகிறது. அதன் பிறகே மறுமுகத்தை மூடினார்.

கையில் கொடுத்தார். ஆட்டினால் ஓசை வரும், தாளம் வராது. மணிக்கட்டு நிற்கும் இடத்தில்தான் தாளம் இருக்கிறது. பெருவிரல்கள் சட்டத்தில் தட்டுவது அதற்கு மேல் இன்னொரு அடுக்கு. முழங்கையிலிருந்து ஆட்டுகிறாய் என்று என் கையைப் பிடித்து நிறுத்திக் காட்டினார்.

10 ஜனவரி, காலை 6.40

நேற்று எழுதியதில் தாளத்தைச் சொல்லாமல் விட்டேன். தமிழில் சொல்வது எளிது. மலோயா பெரும்பாலும் திஸ்ர நடை: தகிட தகிட, தகிட தகிட. ஆனால் அதே ஆறு எண்ணிக்கையைத் தக தக தக என்று மூன்று இரண்டாகவும் காது பிரித்துக்கொள்ளும். கயாம்ப் தகிடவைப் பிடித்திருக்கும்போது பாடுகிறவர் இரண்டிரண்டாக அடி வைத்துப் போவார். எந்தப் பிரிவில் காலை ஊன்றுவது என்று முடிவு செய்ய முடியாமல் உடம்பு ஆடத் தொடங்கும். இந்த ஆண்டு நான் கற்றவற்றில் மிகப் பெரியது இதுதான்.

15 ஜனவரி, இரவு 11.00

பொங்கல் முடிந்து எழுதுகிறேன். கொல்லைப்புறத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இளைஞர்கள் செய்வது விட்டுப்போகும். ஜாக்கோ மரோன் என்பவர் பல ஆண்டுகளாக ரிதம் மெஷினும் மாடுலர் சிந்தசைசரும் கொண்டு மலோயாவை அமைத்துவருகிறார். அவருடைய அந்தச் சோதனைகள் 2018இல் உகாண்டாவின் கம்பாலாவில் இருக்கும் நியேகே நியேகே டேப்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் வழியாக வெளிவந்தன. மறு ஆண்டு பிரான்சின் இன்ஃபீனே நிறுவனம் மின்னணு மலோயாவுக்குத் தனித் தொகுப்பே கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2017இல், லண்டனின் ஸ்ட்ரட் நிறுவனம் 1975 முதல் 1986 வரையிலான மின்கருவி மலோயாவைத் தொகுத்திருந்தது.

மரோனின் தட்டில் மரமோ தோலோ கிடையாது. சிந்தசைசரின் இரைச்சலை நறுக்கிக் கயாம்பாக்கியிருக்கிறார். ஒலிபெருக்கியில் கேட்டபோது எனக்கு ஒட்டவில்லை. ஆலை ஓடும் பருவத்தில் இரவில் புவா ரூழ் சாலையில் காரோட்டிக்கொண்டே கேட்டபோது, வெளியே கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஊர்ந்துகொண்டிருக்க, அந்த ஒலி இந்த மண்ணுக்கு உரியது என்பதில் சந்தேகமே வரவில்லை. இன்னொன்றும் பிடித்திருந்தது. எங்கள் தீவிலிருந்து எது வெளியே போனாலும் பாரிஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்ற பழக்கம் இருக்கிறது. இது நேராக ஆப்பிரிக்காவுக்குப் போனது.

18 ஜனவரி, காலை 7.00

எழுதும் முறையைப் பற்றிச் சிலர் கேட்கிறீர்கள். இருட்டில், பாடுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது மரியாதையாக இருக்காது. வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்து, காலையில் நினைவில் நிற்பதை மட்டும் எழுதுகிறேன். நிற்காதவை போகட்டும். ஆண்டின் தொடக்கத்தில் உருக்கம், ஆவேசம் என்று குரலைப் பற்றி நிறைய எழுதினேன். நடுவில் அந்தச் சொற்கள் தாமாகக் குறைந்து, யார் எங்கே உட்கார்ந்தார்கள், எவர் எவருக்கு இடம் விட்டார், எப்போது ரூலேர் கை மாறியது என்று எழுதத் தொடங்கினேன். படிப்பவருக்கு இந்த இரண்டாம் வகையில்தான் இசை கேட்கிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள்.

25 ஜனவரி, இரவு 8.30

சென்னையிலிருந்து ஒலிப்பதிவுத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர், செர்விஸ் கபாரேயிலிருந்து ஒரு நிமிடமாவது பதிவு செய்து அனுப்பக் கேட்கிறார். நல்ல எண்ணத்தோடு கேட்கிறார் என்று தெரியும். அனுப்ப மாட்டேன். அந்தப் பாட்டு வந்திருக்கிற முன்னோர்களுக்காகப் பாடப்படுவது. நாங்கள் அங்கே இருப்பது உடனிருக்கத்தான். குலதெய்வத்துக்குப் படையல் போடும்போது வாய் கட்டி நிற்பவரிடம் போய் ஒலிவாங்கியை நீட்டுவோமா?

1 பிப்ரவரி, காலை 6.00

மேலே சொன்னதை ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முடிவு மாறவில்லை, ஆனால் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். 1976இல் கட்சி பதிவு செய்யாமல் இருந்திருந்தால் விரியின் அன்றைய குரல் எனக்குக் கிடைத்திருக்காது. அலேன் பேத்தேர்ஸை நினைத்துப் பாருங்கள். 1952இல் பிறந்தவர், ராக் குழுக்களில் தொடங்கி மலோயாவுக்கு வந்தவர், மேற்கு ஆப்பிரிக்க வழித் தக்காம்பா என்ற நரம்புக் கருவியோடு பாடியவர், குடியிலும் வறுமையிலும் உழன்று 43 வயதில் 1995இல் இறந்தார். அவர் விட்டுப்போன பதிவுகளைத் திரட்டி 1998இல் தட்டாக வெளியிட்டார்கள். இன்று உலகம் அவரைக் கேட்பது அதனால்தான். பதிவு செய்தவரின் கையை நான் எப்படிக் குறை சொல்வேன்?

தோந்தோனிடமே கேட்டேன். அவருடைய தாயார் பாடுவாராம். அந்தக் குரல் எந்த நாடாவிலும் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அப்படியானால் இந்த ஆண்டு உங்கள் குரலைப் பதிவு செய்யலாமா என்று கேட்டதற்கு, கபாரில் பாடும்போது செய்துகொள், செர்விஸில் வேண்டாம் என்றார். கபார் எல்லாரும் கூடிப் பாடுவது, ஊர் கேட்கலாம். செர்விஸ் வீட்டுக்கு உரியது. இரண்டுக்கும் நடுவே அவர் போட்ட கோடு எனக்குப் போதும். கபாருக்கு அடுத்த முறை நல்ல ஒலிவாங்கியோடு போவேன், சென்னை நண்பர் எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும்.

12 பிப்ரவரி, இரவு 9.50

நேற்று தைப்பூசம். காவடி புறப்படுவதற்கு முன் கோயில் வாசலில் கரும்புச் சோகையை மூட்டித் தப்புகளைக் காய்ச்சினார்கள். தோலைத் தீக்கு அருகில் கொண்டுபோய், சுழற்றி, ஒரு விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். முதலில் தொப்பென்று கேட்கும், பிறகு மெல்ல ஏறி, ஒரு கட்டத்தில் கணீரென்று திறக்கும். அதற்கு மேல் ஒரு நொடி வைத்தாலும் தோல் கிழியும். காய்ச்சிக்கொண்டிருந்த இளைஞனைப் பார்த்தேன். சென்ற ஆண்டு தோந்தோன் வீட்டில் பின்னிரவில் ரூலேர் மேல் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். விரதம் என்பதால் மஞ்சள் வேட்டியில் இருந்தான். இரண்டும் ஒரே தாளம்தானா என்று கேட்டேன். கை ஒன்றுதான், ஆனால் இங்கே சாமிக்கு, அங்கே தாத்தாவுக்கு என்றான்.

டிசம்பரில் வந்த இரண்டாவது கேள்விக்கு நான் எழுதிய நீண்ட பதிலைவிட இவன் சொன்னது தெளிவாக இருக்கிறது. மதுரை அண்ணன் இதையும் படிக்க வேண்டும்.

21 பிப்ரவரி, காலை 7.10

மொரீஷியஸிலிருந்து எழுதும் தங்கை இன்றைய நாளை நினைவூட்டினார். சேகாவையும் ரெகேயையும் இணைத்து செகே இசையைப் பரப்பிய காயா 1999 பிப்ரவரி 21 அன்று காவல் நிலையத்தில் இறந்துகிடந்தார். அடுத்த நாட்களில் அந்தத் தீவு கலவரத்தில் எரிந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பாடல்களை இன்றும் பாடுகிறார்கள். இன்று வேறெதுவும் எழுதவில்லை.

8 மார்ச், மாலை 5.30

பலர் நலம் விசாரித்தீர்கள். பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் புயல் எங்கள் வடகிழக்குக் கரையை நேராகத் தாக்கியது. வீடு நிற்கிறது, மின்சாரமும் குழாய்த்தண்ணீரும் இப்போதுதான் ஒழுங்காகியிருக்கின்றன. தோந்தோனின் தகரக் கூரையில் பாதி போய்விட்டது. ரூலேரையும் கயாம்பையும் மெத்தைக்கு அடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

மின்சாரம் இல்லாத நாட்களில் பேட்டரி வானொலியில் ஃப்ரீ தோம்தான் துணை. 1981இல் தொடங்கிய நிலையம். கேட்பவர்களே தொலைபேசியில் அழைத்து எந்தச் சாலை அடைபட்டது, யாருக்கு மருந்து தேவை என்று கிரியோலில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 24 டிசம்பர் குறிப்பில் தனியார் வானொலியைப் பற்றி ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டேன். ஒரு மொழி காற்றலைக்கு வந்தது எவ்வளவு பெரிய செய்தி என்பதை இந்த வாரம்தான் முழுவதும் உணர்ந்தேன். பாட்டு வெளியே வந்ததும் அதே கதவு வழியாகத்தான்.

16 மார்ச், காலை 8.00

ஜூலையில் இங்கே வரப்போவதாக எழுதியிருக்கும் நண்பருக்கு. வருவதற்கு முன் கேட்டுக்கொண்டு வர வேண்டியவை: விரியின் 1976 பதிவு, கிராமூன் லேலே, அலேன் பேத்தேர்ஸ், பிறகு தனியெல் வாரோ. பிரெஞ்சுப் படையில் சேர மறுத்துச் சிறை சென்ற வாரோ தன் கருவிகளைத் தானே செய்பவர். 2010இல் உலக இசைக்கான வோமெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. மரோனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் கேட்க லெ போர் நகரின் கபார்தொக் அரங்கம் நல்ல இடம், ஒலி அமைப்பு சிறப்பாக இருக்கும்.

கொல்லைப்புறத்தைப் பொறுத்தவரை நான் உறுதி தர முடியாது. இரண்டு நாள் பயணமாக வந்தால் கேட்கவே வேண்டாம். கொஞ்ச நாள் தங்குவதாக இருந்தால் என்னோடு வந்து தோந்தோனைப் பாருங்கள், கூரை வேலைக்கு ஒரு கை கொடுங்கள், பாட்டைப் பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள். அவர் வரச் சொன்னால் மாலை நான்கு மணிக்கே போய்விட வேண்டும். சமையலுக்கு வெங்காயம் உரிக்க ஆள் போதாது. ஒலிப்பதிவுக் கருவியை என் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.